சொரசொரப்பு மாறாமை: கோவண்டியை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

மும்பை மாநகரில் உள்ள சொரசொரப்பின் மொத்த அளவு மாறாதது. அதை யாரும் புதிதாக உண்டாக்குவதில்லை, ஒழிப்பதும் இல்லை. ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஒரு பேட்டையில் கூலி என்றும் இன்னொரு பேட்டையில் கலை என்றும் பெயர். இதை நிறுவுவதே இச்சிறு நூலின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் கோவண்டி; ஹார்பர் லைனில் செம்பூருக்கும் மான்கூர்துக்கும் நடுவே இருப்பது. நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் சொல்வது மரபு. இடப் பற்றாக்குறையால் அது விடப்பட்டுள்ளது. கோவண்டியில் எதற்கும் இடம் போதாது.

பெயின்ட் பூசுவதில் இரண்டு மதங்கள் உண்டு. பிரஷ் போன தடம் தெரியவே கூடாது என்பது ஒன்று. தெரிந்தே ஆக வேண்டும் என்பது மற்றது. முதல் மதத்தார் காலை எட்டு மணிக்கு நாக்காவில், பிரஷும் பட்டி போடும் தகடும் வைத்த டப்பாவோடு நின்று, யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று பார்க்கிறார்கள். இரண்டாம் மதத்தார் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பணம் கட்டி, வகுப்புக்குக் காரில் வருகிறார்கள்.

முதல் மதத்தின் சடங்குகள் சுருக்கமானவை. சுவரைச் சுரண்டு, பிரைமர் அடி, பட்டி பார், உப்புத்தாள் போட்டுத் தேய், மறுபடி பட்டி பார், மறுபடி தேய், பிறகு இரண்டு கோட். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் கூலியில் பிடித்தம். மனிதன் ஒருவன் இங்கே மூன்று நாள் வேலை செய்தான் என்பதற்கான அடையாளம் எதுவும் எஞ்சக் கூடாது. எஞ்சினால் அது குறை.

இரண்டாம் மதத்தின் பாடத்திட்டம் நீளமானது. முதல் பாடம், பன்றிமயிர் பிரஷில் வண்ணத்தைக் கொழகொழவென்று அள்ளிக் கேன்வாஸில் ஒரே இழுப்பாக இழுப்பது. மயிரின் ஒவ்வோர் இழையும் ஒரு சிறு வரப்பை விட்டுப் போகும். வைத்ததை மறுபடி தொடக் கூடாது. தொட்டால் வரப்பு சரிந்து சேறாகும். எண்ணெயையோ டர்பன்டைனையோ கூட்டினாலும் வரப்பு நிற்காது. அடுத்தது, வண்ணம் ஏறக்குறையத் தீர்ந்த பிரஷைத் துணியின் நெசவு மேட்டில் மட்டும் படும்படி இழுப்பது. பள்ளங்களில் அடிநிறம் அப்படியே தெரியும். பிறகு பேலட் கத்தி. அதன் பிறகு பிரஷின் கட்டையைத் திருப்பிப் பிடித்து ஈர வண்ணத்தைக் கீறுவது.

கடைசிப் பாடம் துணிச்சல். வருபவர்கள் பெரும்பாலும் இருபது ஆண்டு காலம் எக்செல் கட்டத்தைத் தாண்டாதவர்கள். “யோசிக்காதீங்க, வைங்க” என்கிறார் ஆசிரியர். யோசிக்காமல் வைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்கிறார்கள். அப்புறம் வைக்கும் இழுப்பு, அவசரத்தில் வைத்ததுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக மெதுவாக வைக்கப்பட்டு, இரண்டு தடவை திருத்தவும் படுகிறது. அவசரம் நிதானமாகப் பயில வேண்டிய வித்தை என்று இதனால் அறிகிறோம். நாக்காவில் நிற்பவரிடம் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. அவரிடம் யாரும் கற்க வருவதில்லை.

வேதியியலைத் தொடாமல் மேலே போக முடியாது. ஆளிவிதை எண்ணெய், நீர் வற்றிக் காய்வதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. மேல்தோல் முதலில் கெட்டிப்படும், உள்ளே ஈரம் நிற்கும். அம்பர் என்னும் மண்பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும். டைட்டேனியம் வெள்ளை தாமதிக்கும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, மிகுந்தது மேலே என்பது தலையாய விதி. மாற்றிப் போட்டால் மேல்பூச்சு வெடிக்கும். கனத்த பூச்சு உள்வரை காய ஆண்டுக்கணக்கில் ஆகும். லண்டனில் ஃபிராங்க் அவுர்பாக்கின் தொடக்ககாலப் படங்கள் சிலவற்றை, வண்ணம் கழன்று விழுந்துவிடும் என்று பயந்து, சுவரில் மாட்டாமல் படுக்கவைத்தே காட்டினார்கள்.

கோவண்டி இந்த விதியை இதைவிடப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. தேவனார் குப்பைமேட்டில் 1927 முதல் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றிவருகிறார்கள். பரப்பு சுமார் 130 ஹெக்டேர். அடிப்பூச்சு காயும்வரை காத்திருக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஆகவே உள்ளே மீத்தேன் ஊறுகிறது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகையை நாசாவின் செயற்கைக்கோள் படமெடுத்தது. மும்பையின் தடித்த பூச்சுகளில் விண்வெளியிலிருந்து பார்வையிடப்பட்டது இது ஒன்றுதான் என்று துணியலாம். அந்த நாள்களில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கலை நிகழ்ச்சிக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடுவது வேறெந்த வார்டிலும் அரிது.

மூலப்பொருள் வகையிலும் இந்த வட்டாரத்துக்குக் குறையில்லை. எண்ணெய் நேரே பட்டால் துணி நாளாவட்டத்தில் இற்றுப்போகும். அதனால் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைக் கேன்வாஸில் முதலில் தடவுவது ஐரோப்பியப் பழைய வழக்கம். ஒருவகைக் கறுப்பை எலும்பைக் கருக்கி எடுக்கிறார்கள். பிரஷின் மயிர் எங்கிருந்து வருகிறது என்பது சொல்லப்பட்டது. தோல், எலும்பு, மயிர் எல்லாவற்றுக்கும் பிறப்பிடமான இறைச்சிக்கூடம் 1971 முதல் தேவனாரில் இயங்குகிறது. கோவண்டியில் கலைச் சூழல் இல்லை என்று வருந்துவோர் காற்று வீசும் திசையைக் கவனிக்காதவர்கள்.

இனி வரலாறு. எண்ணெய் வண்ணம் ஓவியர் வான் ஐக் கண்டுபிடித்தது என்று, ஓவியர் வரலாறு எழுதிய வசாரி சொல்லிவைத்ததை ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. பாமியான் குகைகளில், ஏழாம் நூற்றாண்டையொட்டிய புத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆக, மிகப் பழைய எண்ணெய் ஓவியம் என்று இன்று அறியப்படுவது கேன்வாஸில் இல்லை, சுவரில் இருக்கிறது. நாக்கா மதத்தார் இந்தச் சான்றைக் கூலி உயர்வுக்குப் பயன்படுத்தாதது வியப்புக்குரியது.

தமிழர் இத்துறைக்கு ஆற்றிய முதல் தொண்டு, ரகசியம் காத்தது. திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த மதுரை ராமசுவாமி நாயக்கர், இளைஞர் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்பார்கள். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை அவருக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்ததாகவும் சொல்வார்கள். 1868இல் அங்கே வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் தாம் வரைவதைப் பார்க்க விட்டாரே தவிரப் பாடம் எடுக்கவில்லை. இப்படித் திருட்டுத்தனமாகக் கிடைத்த வித்தையைக் கொண்டு ரவிவர்மா செய்தது என்ன? பட்டும் நகையும் மினுங்க, பிரஷ் தடமே தெரியாமல் தீட்டினார். 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கி அந்த வழவழப்பைப் படியெடுத்து வீட்டுக்கு வீடு அனுப்பினார். கோவண்டி அறைகளில் தொங்கும் லட்சுமி காலண்டர் அந்தப் பரம்பரையில் வந்ததே. பல வீடுகளில் வழவழப்பான பரப்பு அது ஒன்றுதான். அது தொங்கும் இடம், சுவரில் உப்புப் பூத்த இடம்.

சொரசொரப்பு எதிர்த்திசையில் கிளம்பியது 1940களில். ஹிட்லருக்குத் தப்பி வந்த ஆஸ்திரியர் வால்டர் லாங்ஹாமர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கலைப் பொறுப்பில் இருந்தார். தடித்த வண்ணத்தில் நம்பிக்கை உள்ளவர். இளம் ஓவியர்கள் அவரிடம் கூடினார்கள். 1947இல் சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகியோர் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார்கள். சூசா 1945இல் ஜே.ஜே. கலைப்பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஆரா வீட்டு வேலையும் கார் கழுவும் வேலையும் பார்த்தவர். கார் கழுவுவது முழுக்க முழுக்க முதல் மதத்து அனுட்டானம். மதமாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. சென்னைப் பக்கம் கோட்டோவியத்தில் பெயரெடுத்த ஆதிமூலம்கூடப் பிற்காலத்தில் தடித்த எண்ணெய் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அதை விரித்தால் களம் மாறிவிடும்.

திரும்பி நடந்தவரும் உண்டு. முரட்டு இழுப்புகளில் தொடங்கிய தயப் மேத்தா, 1968இல் நியூயார்க் போய்த் தங்கிய பிறகு தட்டையான நிறப் பரப்புகளுக்கு மாறினார். அவர் கைவிட்ட சொரசொரப்பு எங்கே போயிற்று என்று கலை வரலாற்றாசிரியர்கள் கேட்கவே இல்லை. மாறாமை விதிப்படி அது எங்காவது போயிருக்க வேண்டும். கோவண்டி திறந்தேதான் கிடக்கிறது.

இங்கே கெய்தோண்டேயைப் பற்றி ஒரு சொல். ஓவியர் வாசுதேவ் கெய்தோண்டே மும்பையின் கிர்காவில், சால் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவர். அவர் பயன்படுத்திய கருவிகள் பேலட் கத்தியும் ரோலரும். வண்ணத்தை ஏற்றினார், சுரண்டினார், மறுபடி ஏற்றினார். ரோலர், சுரண்டும் தகடு, மீண்டும் பூச்சு: எந்தப் பெயின்டரிடம் இதைச் சொன்னாலும் “பழைய பில்டிங்கா?” என்றுதான் கேட்பார். 2013 டிசம்பரில் மும்பையில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய 1979ஆம் ஆண்டுப் படம் ஒன்று 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. படத்துக்குப் பெயர்கூட இல்லை. பெயின்டர்களும் தாங்கள் முடித்த சுவருக்குப் பெயர் வைப்பதில்லை. ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது.

பொருளியல் பகுதிக்கு ஹுசைன் உதவுகிறார். 1930களில் இந்த ஊரில் சினிமா பேனர் எழுதியபோது அவருக்குக் கிடைத்தது சதுர அடிக்கு நாலணா, ஆறணா. முழங்கை அகல மூக்கையும் ஆள் உயரக் கண்ணையும் மாலைக்குள் முடித்தாக வேண்டும். தடம் தெரியாமல் பூச நேரம் ஏது? தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இழுப்பு அகலமானது. வகுப்பில் ‘வெளிப்பாடு’ என்று கற்பிக்கப்படும் பொருளில் கணிசமான பங்கு, அன்றைய பேனர் கான்ட்ராக்டர் வைத்த கெடு. பின்னால் 1954இல் அவர் வரைந்த ‘கிராம யாத்திரை’ நெடுங்காலம் ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் மாட்டிக் கிடந்து, 2025 மார்ச்சில் நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு விலைபோனது. ஏறக்குறைய 14 அடி அகலம், 3 அடி உயரம். சதுர அடிக்கு மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவு. சுவர்ப் பெயின்டருக்கும் இன்றுவரை சதுர அடிக் கணக்கில்தான் கூலி. அளவுமுறை மாறவே இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. கோவண்டி மறுகுடியமர்வு வீடுகள் 225 சதுர அடி. தரையை மட்டும் அந்த விகிதத்தில் மதிப்பிட்டாலும் வீடு ஒன்று 600 கோடியைத் தாண்டுகிறது. இதைச் சொல்லி வங்கியில் கடன் கேட்டவர் எவரும் இலர்.

சொரசொரப்பைக் காண ஒரு நிபந்தனை உண்டு. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்ந்து விழ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரப்பும் தன் நிழலைக் காட்டும். அருங்காட்சியகங்களில் பழைய படங்களைச் செப்பனிடுவோர் விளக்கைச் சரித்துப் பிடிப்பது இதற்காகவே. கோவண்டி நட்வர் பாரேக் வளாகத்தில் ஏழு மாடிக் கட்டடங்கள் சுமார் மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கீழ்த்தளங்களில் வெயில் சாய்வாகவும் விழாது, நேராகவும் விழாது. இத்தகைய வளாகங்களில் காற்றும் வெளிச்சமும் குறைந்த கீழ்மாடிகளில் காசநோய் அதிகம் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. கலை நோக்கில் பார்த்தால், ஊரிலேயே வளமான சொரசொரப்புச் சேகரம் பார்வையாளருக்கு மூடப்பட்டிருக்கிறது. லியனார்டோ கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கும்படியும், அவற்றில் மலையும் போர்க்களமும் தென்படும் என்றும் ஓவியம் பயில்வோருக்கு அறிவுரை எழுதியிருக்கிறார். இங்கே வந்திருந்தால் பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் பார்த்திருப்பார், கரன்ட் பில் வந்ததும் ஊர் திரும்பியிருப்பார். 2023 பிப்ரவரியில் இதே வளாகத்தில் கோவண்டி கலைவிழா நடந்தது. சுவர்களில் ஓவியம் ஏறியது, சந்துகளில் விளக்கு ஊர்வலம் போனது. கட்டடம் கட்டியவர்கள் மறந்த வெளிச்சத்தைக் குடியிருப்போர் கையில் தூக்கிக்கொண்டு போனதாக இதை ஆவணப்படுத்தலாம்.

வண்ணக் கலவையில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. ரெம்ப்ராண்டின் மேடிட்ட வெள்ளையில் பிளம்போனாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மம் இருப்பதை 2019இல் கண்டறிந்தார்கள். எண்ணெயில் அவர் ஈய ஆக்சைடு கலந்திருக்க வேண்டும் என்று அதிலிருந்து ஊகித்தார்கள். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. ரெம்ப்ராண்ட் கோவண்டி ரூம் ஒன்றுக்குத் தம் கலவையை அடித்துத் தந்தால் குற்றவாளி.

கள ஆய்வின் முக்கிய முடிவு இனி வருவது. சீத்தா கேம்ப் என்பது 1976இல் ஜனதா காலனியை அணு ஆராய்ச்சி மையத்துக்காக இடித்தபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். அங்கே குடியிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துப் பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவரிடம், ஞாயிறு வகுப்பில் முதல் பரிசு பெற்ற கேன்வாஸ் ஒன்று காட்டப்பட்டது. கடல், கத்தியால் அள்ளி வைத்த நீலமும் வெள்ளையும்.

“மேல் வீட்டு மோரி ஒழுகுதோ தம்பி?”

“இல்ல அண்ணாச்சி, இது வேணும்னே போட்டது.”

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு படத்தை வாங்கி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தார். அருங்காட்சியகப் பயிற்சி அவருக்குக் கிடையாது.

“எடக்கைக்காரன் போட்டது, பாத்துக்கிடுங்க. இழுப்பு எல்லாம் இந்தப் பக்கம் ஏறுது. எண்ணெய ஜாஸ்தி ஊத்திட்டான், அதான் இங்கன தோல் சுருங்கிட்டு. இந்த அலையத் தொட்டதயே தொட்டிருக்கான், கைக்குப் பயம். இந்தா, கீழ்மூலை மட்டும் நெசமாவே அவசரத்துல வச்சது. நல்லா விழுந்திருக்கு. எங்கயோ கெளம்பணும்னு நின்னிருப்பான்.”

விசாரித்ததில் அனைத்தும் உறுதியாயின. மாணவர் இடதுகைக்காரர். கீழ்மூலை வரையும்போது காரை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் இரண்டாம் முறை ஆள் அனுப்பியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜியோவன்னி மொரெல்லி, காது மடலையும் நகத்தையும் பார்த்தே எந்தப் படம் எவர் கை என்று சொல்லும் முறையை ஐரோப்பாவுக்குக் கொடுத்துப் புகழ்பெற்றார். அண்ணாச்சியின் முறை அதைவிட மேலானது என்பதே இந்நூலாசிரியரின் துணிபு. வாழ்நாள் முழுக்கத் தடத்தை அழிப்பவர் தடத்தைப் பார்த்தே தீர வேண்டும். தெரியாததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது. பரிசு கொடுத்த நடுவர்கள் மூவரும் அலையைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

இனி பரபக்கம். மாற்றார் கூறுவனவற்றை எடுத்து மறுக்காமல் நூல் முடியாது.

நோக்கம் இல்லாமல் விழுந்த சொரசொரப்பு கலையாகுமா என்பர் ஒரு சாரார். மேல் வீட்டுக்காரர் மோரியைப் பழுதுபார்க்காமல் விட்டதில் நோக்கம் உண்டா இல்லையா என்பதைக் கீழ் வீட்டுக்காரரிடம் கேட்க. விரிவான விளக்கம் கிடைக்கும்.

சொரசொரப்பு தென்மும்பைக்குப் போய்க்கொண்டே இருந்தால் கோவண்டி இந்நேரம் வழவழத்திருக்க வேண்டுமே என்பர் இன்னொரு சாரார். இது ஓரளவு வலுவான வாதம். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மாறாமை விதி நிறுத்திவைக்கப்படுகிறது. அந்த மாதங்களில் புதுச் சரக்கு வானத்திலிருந்து இறங்குகிறது.

பணக்காரர்கள் கேன்வாஸை விட்டுவிட்டுச் சுவரிலேயே நேராகச் சொரசொரப்பு கேட்கத் தொடங்கிவிட்டார்களே, அப்போது ஓவியர் எதற்கு என்பது மூன்றாவது. உண்மை. செம்பூரின் புதிய டவர் ஒன்றில் இப்படிப்பட்ட டெக்ஸ்சர் ஃபினிஷ் வேலை மேற்படி அண்ணாச்சிக்கே வந்தது. சாதாரணப் பூச்சைவிட ரேட் பல மடங்கு. வீட்டுக்காரருக்குக் கம்பெனி கேட்லாக்கில் எதுவும் பிடிக்கவில்லை. எல்லாம் செயற்கையாக இருக்கிறதாம். அண்ணாச்சி தம் மொபைலில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய ரூமின் பின்சுவர். வீட்டுக்காரர் விரலால் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, இதுதான், இதே மாதிரி வேண்டும் என்றார். எத்தனை வருஷம் நிற்கும், கேரண்டி உண்டா என்றும் கேட்டார்.

“நிக்கும் சார். எங்க வீட்ல பதினாலு வருஷமா நானும் பட்டி பாத்துக்கிட்டேதான் இருக்கேன், போகவே மாட்டேங்குது.”